“வயிறு வலிக்குதும்மா”: ஸ்கூலுக்குப் பயப்படுற பிள்ளை கூட எப்படி நிக்கிறது?

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிப்புக்கு ஏற்பச் சற்றுச் சுருக்கித் திருத்தப்பட்டது.)

இன்னைக்கு எபிசோட் குழந்தைங்களைப் பத்தி. “எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலையே”ன்னு ஸ்கிப் பண்ணிடாதீங்க. உங்க அக்கா பொண்ணு, மாடி வீட்டுப் பையன், நீங்க ட்யூஷன் எடுக்குற ஏழாம் வகுப்பு மாணவி, இப்படி உங்களைச் சுத்தி இருக்குற யாராவது ஒருத்தருக்கு இது தேவைப்படும். யூகேஜி, ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைங்களோட அம்மா அப்பாவும் நிறைய பேர் கேக்குறீங்க. உங்களுக்கு இது நேரடியாவே பொருந்தும்.

விஷயம் இதுதான். சில பிள்ளைங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே முகம் வாடிடும். ராத்திரி தூக்கம் வராது. திங்கட்கிழமை காலையில ஆறரை மணிக்கு எழுப்பினா, “வயிறு வலிக்குதும்மா”. பல் தேய்க்கும்போது குமட்டல். யூனிஃபார்ம் மாட்டினதும் அழுகை. வேன் ஹாரன் கேட்டதும் பாத்ரூமுக்குள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டுக்குவாங்க. சரி, இன்னைக்கு ஒரு நாள் இருக்கட்டும்னு விட்டா, ஒன்பதரை மணிக்கு வலி போயிடும். பத்து மணிக்கு இன்னொரு தோசை கேப்பாங்க.

அந்த ரெண்டாவது தோசையைப் பார்த்ததும் வீட்ல எல்லாருக்கும் ஒரே சந்தேகம்தான். “அப்போ இவ்வளவு நேரம் நடிச்சுதா?”

முதல்ல அந்தச் சந்தேகத்தையே எடுத்துப் பார்க்கலாம்.

வலி நிஜமான வலிதான்

நம்ம உடம்புக்குள்ள ஒரு அபாய மணி இருக்கு. மூளையில அமிக்டலான்னு ஒரு சின்னப் பகுதி, ஆபத்துன்னு சந்தேகம் வந்தாலே அந்த மணியை அடிச்சிடும். அட்ரினலின் சுரக்கும், இதயம் வேகமா துடிக்கும், ஓடவோ சண்டை போடவோ தயாரா கை கால் தசைகளுக்கு ரத்தம் பாயும். அந்த நேரத்துல செரிமானம் பின்னுக்குப் போயிடும். அதனாலதான் வயிறு பிசையுது, குமட்டுது, அடிக்கடி பாத்ரூம் வருது. இன்டர்வியூவுக்கு முன்னாடி உங்களுக்கு நடந்திருக்கும் இல்லையா? அதேதான்.

ஸ்கூலுக்குப் போக வேண்டாம்னு சொன்னதும் ஆபத்து நீங்கிடுச்சுன்னு மூளை முடிவு பண்ணுது. மணி நிக்குது, வயிறு சரியாகுது, பசிக்குது. அதனால ரெண்டாவது தோசையை வச்சு நடிப்புன்னு முடிவு பண்ண முடியாது. பயம் விலகிடுச்சுன்னுதான் அது சொல்லுது.

“அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்”னு நம்ம ஊர்ல சொல்லுவாங்க. பதற்றம், அதாவது ஆங்சைட்டி, வேலை செய்யுற விதமே அதுதான். இருட்டு நிஜமாவே இருக்கு. பேய் மட்டும்தான் மூளை சேர்த்தது. “பேய் எல்லாம் இல்ல, போ”ன்னு சொன்னா பிள்ளைக்கு அந்த இருட்டே இல்லைன்னு நாம சொல்ற மாதிரி கேக்கும். அதோட, நம்மகிட்ட சொல்றதையே நிறுத்திடும்.

ஒண்ணு சேர்த்துச் சொல்லணும். பயம் எல்லாமே நோய் கிடையாது. எல்கேஜி சேர்ந்த முதல் ரெண்டு வாரம் அழுறது, புது ஸ்கூல் மாறினதும் சுருங்கிப் போறது, பரீட்சைக்கு முன்னாடி படபடப்பு, இதெல்லாம் வளர்ச்சியோட பகுதி. நாளாக நாளாகக் குறைஞ்சா கவலை வேண்டாம். வாரங்கள் போகப் போகக் கூடிக்கிட்டே போனா, இல்ல ஸ்கூல், தூக்கம், சாப்பாடு, நட்புன்னு ஒவ்வொண்ணா பிடுங்கிக்கிட்டா, அப்போதான் நாம உள்ள இறங்கணும்.

பேய் நிஜமாவே இருக்கான்னு முதல்ல பாருங்க

தைரியம் சொல்ற வேலையில இறங்குறதுக்கு முன்னாடி ஒரு விசாரணை பாக்கி இருக்கு. பிள்ளை பயப்படுறதுக்கு ஸ்கூல்ல உண்மையான காரணம் இருக்கலாம். அது இருக்கும்போது “பழகிக்கோ”ன்னு சொல்றது பெரிய தப்பு.

யாராவது அடிக்கிறாங்களா, பட்டப்பேர் வச்சுக் கூப்பிடுறாங்களா, டிபன் பாக்ஸைப் பிடுங்குறாங்களா? வேன்ல என்ன நடக்குது? எந்தப் பெரியவராவது தொடக்கூடாத இடத்துல தொடுறாங்களா? ஆசிரியர் அடிக்கிறாங்களா, க்ளாஸ் முன்னாடி வச்சு அவமானப்படுத்துறாங்களா? “அடியாத மாடு படியாது” காலம் சட்டப்படி முடிஞ்சு போச்சு. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 17, உடல் தண்டனையை மட்டுமில்ல, மனரீதியான துன்புறுத்தலையும் தடை பண்ணுது. குழந்தை பாதுகாப்பில்லாம இருக்குன்னு தோணினா 1098, குழந்தைகளுக்கான உதவி எண்.

சின்னச் சின்னக் காரணங்களும் இருக்கும். டாய்லெட் அசுத்தமா இருக்கும், தாழ்ப்பாள் இருக்காது, பிள்ளை நாள் முழுக்கத் தண்ணி குடிக்காம அடக்கிக்கிட்டே உக்காந்திருக்கும். போர்டு கண்ணுக்குத் தெரியாம இருக்கலாம். எழுத்துக்கூட்டிப் படிக்கிறதுலயே ஒரு குறைபாடு இருந்து, வாசிக்கச் சொன்னா மாட்டிக்குவோம்னு பயப்படலாம். இதுக்கெல்லாம் தைரியம் சொல்லிப் பிரயோஜனம் இல்ல. பூட்டு, கண்ணாடி, கற்றல் திறன் பரிசோதனைன்னு நேரடியான தீர்வு இருக்கு.

எப்படிக் கேக்குறது? நேருக்கு நேர் உக்கார வச்சு “சொல்லு, என்ன பிரச்சினை?”ன்னு கேட்டா “ஒண்ணும் இல்ல”ன்னுதான் வரும். பைக்ல போகும்போது, பட்டாணி உரிக்கும்போது, கண்ணைப் பார்க்காத நேரத்துல கேளுங்க. “ஸ்கூல் எப்படி இருந்துச்சு?”ன்னு மொத்தமா கேக்காம, ஒரு நாளைத் துண்டு துண்டா கேளுங்க. வேன்ல யார் பக்கத்துல உக்காந்த? எந்த பீரியட் சீக்கிரம் முடிஞ்சா நல்லா இருக்கும்னு தோணுச்சு? லஞ்ச் யார் கூடச் சாப்பிட்ட? எந்தத் துண்டுல குரல் தணியுதோ, பயம் அங்கதான் இருக்கு.

வயிற்று வலிக்கும் ஒரு தடவை குழந்தைகள் நல மருத்துவர்கிட்ட காட்டிடுங்க. அவர் ஒண்ணும் இல்லைன்னு சொன்னா, அடுத்தடுத்து ஸ்கேன் எடுத்துக்கிட்டு அலைய வேண்டாம்.

ஒரு நாள் லீவுல என்ன நடக்குது

இப்போ ஒரு கற்பனைப் பிள்ளையை எடுத்துக்குவோம். நாலாம் வகுப்பு, ஒன்பது வயசுப் பொண்ணு. யாரும் அடிக்கல, திட்டல. எழுந்து நின்னு பாடம் வாசிக்கணும்னாதான் பயம். ஒரு தடவை தடுமாறிட்டா, ரெண்டு பேர் சிரிச்சிட்டாங்க. அதுக்கப்புறம் இங்கிலீஷ் பீரியட் இருக்குற நாள்லாம் வயிறு வலி.

அம்மா என்ன பண்ணுவாங்க? பாவம்னு லீவு போடுவாங்க. அந்த நிமிஷமே பொண்ணுக்கு நிம்மதி. அம்மாவுக்கும் நிம்மதி. ஆனா மூளை அங்க ஒரு கணக்குப் போட்டு வச்சிடுது: “தப்பிச்சோம். போயிருந்தா என்ன ஆகியிருக்குமோ!” போனா ஒண்ணும் ஆகாதுன்னு தெரிஞ்சுக்குற வாய்ப்பு அவளுக்குக் கிடைக்கவே இல்ல. அடுத்த வாரம் பயம் கொஞ்சம் கூடவே இருக்கும். நடுவுல ஒரு பாடம் போயிடுச்சு, நோட்ஸ் முடிக்கல, “ஏன் வரல?”ன்னு நாலு பேர் கேப்பாங்க. இப்போ வாசிக்கிற பயத்தோட இந்த மூணும் சேந்துக்கும். ஒரு நாள் லீவு மூணு நாளாகி, மூணு நாள் மூணு வாரமாகுறது இப்படித்தான்.

லீவு மட்டும் இல்ல. மிஸ்ஸுக்கு ஃபோன் பண்ணி “அவளை வாசிக்கச் சொல்லாதீங்க”ன்னு சொல்றது, கடையில அவளுக்குப் பதிலா நாமளே பேசிடுறது, “மிஸ் திட்டுவாங்களா?”ன்னு ஒரே கேள்வியைப் பதினஞ்சு தடவை கேட்டாலும் “திட்ட மாட்டாங்கடா”ன்னு பதினஞ்சு தடவையும் பதில் சொல்றது, எல்லாம் இதே வகைதான். பாசத்துலதான் செய்யுறோம். அதனாலயே நிறுத்துறது கஷ்டம்.

அப்பா வேற வழி எடுப்பாரு. “இதெல்லாம் செல்லம் கொடுத்துக் கெடுத்தது. கிளம்பு.” தரதரன்னு இழுத்துக்கிட்டுப் போய் கேட்ல விட்டுட்டு வந்திடுவாரு. பொண்ணு உள்ள போயிடுவா, ஆனா அந்த வகுப்புல பயத்தோட தனியா மாட்டிக்கிட்டு நாள் முழுக்க உறைஞ்சு உக்காந்திருப்பா. அவ கத்துக்கிட்டது ஒண்ணே ஒண்ணு: “எனக்குப் பயமா இருந்தா யாரும் கூட வர மாட்டாங்க.”

ரெண்டு பேர்கிட்டயும் பாதி சரி இருக்கு. அவளுக்குக் கஷ்டம்னு அம்மாவுக்குப் புரியுது. அவளால முடியும்னு அப்பா நம்புறாரு. பிள்ளைக்கு ரெண்டும் ஒரே ஆள்கிட்ட இருந்து, ஒரே மூச்சுல வரணும். இந்த எபிசோட்ல ஒரு விஷயம் மட்டும் ஞாபகம் வச்சுக்கணும்னா, இதை வச்சுக்கோங்க.

சொல்லிப் பாருங்க: “நிறைய பேர் முன்னாடி வாசிக்கிறது உனக்கு ரொம்பக் கஷ்டமா இருக்குன்னு எனக்குப் புரியுது. அந்தப் பயம் இருக்கும்போதே உன்னால சமாளிக்க முடியும்னும் எனக்குத் தெரியும்.” வாக்கியம் நடுவுல “ஆனா” போடாதீங்க. “புரியுது, ஆனா...”ன்னு ஆரம்பிச்சா பிள்ளை காதுல முதல் பாதி விழாது.

இது என்னோட கண்டுபிடிப்பு இல்ல. யேல் பல்கலைக்கழகத்தின் குழந்தை ஆய்வு மையத்துல ஈலை லெபோவிட்ஸ்ங்கிற உளவியலாளர் உருவாக்கின ஒரு சிகிச்சை முறை இருக்கு. அதுல தெரபிஸ்ட் சந்திக்கிறது பெற்றோரை மட்டும்தான், குழந்தையைச் சந்திக்கிறதே இல்ல. பெற்றோர் தாங்க எப்படிப் பேசுறோம், எந்தெந்த இடத்துல பயத்துக்கு வளைஞ்சு கொடுக்குறோம்னு பார்த்து மாத்திக்கணும், அவ்வளவுதான். 7 முதல் 14 வயசு வரைக்குமான 124 குழந்தைகளை வச்சுச் செஞ்ச ஆய்வு, 2020ல வெளியான இதழில் வந்தது. குழந்தைக்கே நேரடியா கொடுக்குற அறிவாற்றல் நடத்தை சிகிச்சைக்கு இந்த முறை சளைச்சது இல்லைன்னு அதுல தெரிஞ்சது. பெரியவங்க தங்களை மாத்திக்கிட்டாலே பிள்ளையோட பயம் குறையலாம்ங்கிறது எனக்கு ரொம்ப நம்பிக்கை தர்ற செய்தி.

முயலுக்குப் பயந்த பீட்டர்

புரியுது, முடியும்னு சொல்லியாச்சு. அடுத்து என்ன செய்யுறது? இதுக்கு நூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு கதை இருக்கு.

1924ல அமெரிக்காவுல மேரி கவர் ஜோன்ஸ்ங்கிற உளவியலாளர் ஒரு சின்னப் பையனைப் பத்தி எழுதினாங்க. பீட்டர்னு பேர். மூணு வயசு கூட முழுசா நிறையல. முயல், வெள்ளை எலி, ரோமக் கோட்டு, பஞ்சு, எல்லாத்துக்கும் பயம். முயல் கூண்டுக்குள்ள இருந்தாலே பயப்படுவான்.

ஜோன்ஸ் அவனுக்கு அறிவுரை சொல்லல. முயலுக்குப் பயப்படாத மூணு பிள்ளைங்களோட அவனை விளையாட விட்டாங்க. முயல் கொஞ்ச நேரம் அதே ரூம்ல இருக்கும். முதல்ல தூரத்துல, கூண்டுக்குள்ள. அப்புறம் கொஞ்சம் கிட்ட. அப்புறம் கூண்டுக்கு வெளியே. மத்த பிள்ளைங்க அதைத் தொட்டு விளையாடுறதை அவன் பார்த்தான். படிப்படியா பயம் குறைஞ்சது.

அப்போ அவனுக்குக் கடுமையான காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில சேர்த்தாங்க. ரெண்டு மாசம் வரல. ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்புற அன்னைக்கு ஒரு பெரிய நாய் பாய்ஞ்சு வந்து பயமுறுத்திடுச்சு. திரும்பி வந்தப்போ முயல் பயம் பழைய இடத்துக்கே போயிருந்தது. ஜோன்ஸ் மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிச்சாங்க. இந்தத் தடவை அவனுக்குப் பிடிச்ச சாப்பாட்டைக் கொடுத்து, அவன் சாப்பிடுறது தடைபடாத தூரத்துல முயலை வச்சு, கொஞ்சம் கொஞ்சமா நகர்த்தினாங்க. கடைசியில அவன் முயலைத் தடவிக் கொடுத்தான். தன் விரலை அது கொறிக்கக் கூட விட்டான்.

இந்தக் கதையில நமக்கு மூணு விஷயம் கிடைக்குது. படி சின்னதா இருக்கணும். பக்கத்துல பயப்படாத ஒரு நண்பர் இருந்தா பெரிய உதவி. காய்ச்சலுக்கோ கோடை விடுமுறைக்கோ அப்புறம் பயம் திரும்பி வரலாம். அப்படி வந்தா எல்லாம் வீணாப் போச்சுன்னு நினைக்க வேண்டாம். கீழ் படியில இருந்து மறுபடி ஏறணும்.

நம்ம நாலாம் வகுப்புப் பொண்ணுக்கு ஏணி இப்படி இருக்கலாம். முதல்ல வீட்ல பாட்டிக்கு ஒரு பத்தி வாசிச்சுக் காட்டணும். அடுத்து, வாசிக்கிறதை ஃபோன்ல ரெக்கார்ட் பண்ணி மிஸ்ஸுக்கு அனுப்பணும். மூணாவது, இன்டர்வெல்ல மிஸ்கிட்ட மட்டும் ரெண்டு வரி. நாலாவது, மிஸ்ஸும் ஒரு ஃப்ரெண்டும். அஞ்சாவது, வகுப்புல தன் இடத்துல உக்காந்தபடியே அந்த ஃப்ரெண்டோட சேர்ந்து ஒரு வரி. ஆறாவது, எழுந்து நின்னு, முன்கூட்டியே வீட்ல பழகின ஒரு வரி. அப்புறம் ஒரு பத்தி.

ஏணியைப் பிள்ளையோட உக்காந்து போடுங்க. ஒவ்வொரு படியும் எவ்வளவு பயம்னு பத்துக்கு மார்க் போடச் சொல்லுங்க. மூணு, நாலு மார்க் படியில ஆரம்பிங்க. ஒரே படியில நாலஞ்சு தடவை நிக்கட்டும், “ச்சே, போர்”னு சொல்ற வரைக்கும். பயம் சுத்தமா போன பிறகு ஏறலாம்னு காத்திருக்காதீங்க. கை நடுங்கிக்கிட்டே வாசிச்சாலும் அது ஜெயிச்சதுதான். பாராட்டும்போதும் “சூப்பரா வாசிச்ச”ன்னு சொல்றதை விட, “நடுங்குச்சு, இருந்தும் வாசிச்ச பாரு”ன்னு சொல்லுங்க. நல்லா வாசிச்சதுக்கு மட்டும் பாராட்டினா, அடுத்த தடவை நல்லா வாசிக்கணுமேன்னு புதுசா ஒரு பயம் வந்திடும்.

ஸ்கூல்ல என்ன கேக்கணும்

வீட்ல மட்டும் ஏணி போட்டா பாதியிலயே நிக்கும். மேல் படியெல்லாம் ஸ்கூல்லதான் இருக்கு.

க்ளாஸ் டீச்சர்கிட்ட பேசும்போது ஒண்ணை மனசுல வச்சுக்கோங்க. அவங்க வகுப்புல நாற்பது பிள்ளைங்க இருக்கலாம். “என் பொண்ணைக் கொஞ்சம் பார்த்துக்கோங்க மிஸ்”னு சொன்னா அவங்களுக்கு என்ன செய்யுறதுன்னு தெரியாது. காலையில கேட்ல நின்னு பேசாம, பதினஞ்சு நிமிஷம் நேரம் கேட்டுப் போங்க. ஒரு பக்கத்துல எழுதிக் கொண்டு போங்க: எதுக்குப் பயம், பயம் வந்தா வெளியே எப்படித் தெரியும், அப்போ என்ன செஞ்சா உதவும், என்ன செஞ்சா மோசமாகும்.

கேக்குறது குறிப்பா, சின்னதா இருக்கட்டும். காலையில கேட்ல இருந்து வகுப்பு வரைக்கும் கூட்டிட்டுப் போக ஒரு ஆள். லேட்டா வந்தாலும் வெளியே நிக்க வைக்காம நேரா உள்ள விடுறது. வாசிக்கிற முறை எப்போ வரும்னு முந்தின நாளே சொல்றது. ரொம்பப் பதறினா மேஜை மேல ஒரு மஞ்சள் அட்டை வைப்பா, அஞ்சு நிமிஷம் தண்ணி குடிச்சிட்டு முகம் கழுவிட்டுத் திரும்பி வருவாங்கிற ஒப்பந்தம். “திரும்பி வருவா”ங்கிறதை அதுல கண்டிப்பா எழுதுங்க. அம்மாவுக்கு ஃபோன் பண்ணி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறது அந்த லிஸ்ட்ல இருக்கக் கூடாது, உடம்பு நிஜமா சரியில்லாத நாளைத் தவிர.

எந்தச் சலுகை கேட்டாலும் ஒரு கேள்வி போட்டுப் பாருங்க: இது பிள்ளையை வகுப்புக்குள்ள வைக்குதா, வெளியே வைக்குதா? ஃப்ரெண்ட் பக்கத்துல உக்கார இடம் மாத்துறது உள்ள வைக்குது. வருஷம் முழுக்க வாசிக்கவே வேண்டாம்ங்கிறது வெளியே வைக்குது. தற்காலிகமா ஒரு விலக்கு கேட்டாலும் எந்தத் தேதி வரைக்கும்னு சேர்த்துக் கேளுங்க. ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை டீச்சரோட அஞ்சு நிமிஷம் பேசி, அடுத்த படி என்னன்னு முடிவு பண்ணுங்க. டைரியில ஒரு வரி எழுதி அனுப்பினாலும் போதும்.

உங்க ஸ்கூல்ல கவுன்சிலர் இருக்காங்களான்னு கேளுங்க. விசாகப்பட்டினத்துல நீட் தேர்வுக்குப் படிச்ச ஒரு மாணவியோட மரணம் தொடர்பான வழக்குல, 2025 ஜூலையில உச்ச நீதிமன்றம் வழிகாட்டு நெறிமுறைகள் கொடுத்தது. 100 பேர் அல்லது அதுக்கு மேல படிக்கிற கல்வி நிறுவனங்கள் தகுதியுள்ள கவுன்சிலர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருத்தரையாவது நியமிக்கணும்னு அதுல இருக்கு. சின்ன நிறுவனங்கள் வெளியே இருக்குற நிபுணர்களோட தொடர்பு வச்சுக்கணும். அதனால இதைக் கேக்க நீங்க தயங்க வேண்டியது இல்ல.

ஒரு வேண்டுகோள். இதைப் பேரன்ட்ஸ் வாட்ஸப் குரூப்ல போடாதீங்க. நாளைக்கு அது வகுப்புல பட்டப்பேரா திரும்பி வரும்.

காலையில ஒரு மணி நேரம்

பை, யூனிஃபார்ம், ஷூ, எல்லாத்தையும் முந்தின ராத்திரியே எடுத்து வச்சிடுங்க. காலையில முடிவு எடுக்க வேண்டிய விஷயம் எவ்வளவு குறையுதோ அவ்வளவு நல்லது. “இன்னைக்குப் போறியா?”ன்னு கேள்வி வேண்டாம். போறது முடிவான விஷயம். “வலிக்குதா?”ன்னும் நீங்களா கேக்காதீங்க. பிள்ளையா சொன்னா, “வயிறு பிசையுது இல்ல? அபாய மணி அடிக்குது. மூச்சை மெதுவா விட்டுப் பார்க்கலாம்.” உள்ள இழுக்குறதை விட வெளியே விடுறது நீளமா இருக்கட்டும், சூடான பாலை ஊதுற மாதிரி.

கேட்ல விடைபெறுறது சுருக்கமா இருக்கணும். ஒரு கட்டிப்பிடி, ஒரு வாக்கியம், கிளம்பிடுங்க. அழுதுக்கிட்டு இருக்கும்போது திரும்பிப் போறது நமக்கு வயித்தைக் கலக்கும். ஜன்னல் வழியா எட்டிப் பார்த்துக்கிட்டு நின்னா, இங்க ஏதோ ஆபத்து இருக்குன்னு நம்ம முகமே சொல்லிடும். பத்து நிமிஷம் கழிச்சு டீச்சர் ஒரு மெசேஜ் போட்டா போதும்னு பேசி வச்சுக்கலாம்.

காய்ச்சலோ வாந்தியோ வந்து வீட்ல இருக்க வேண்டிய நாளும் வரும். அன்னைக்கு வீடு கொஞ்சம் போரடிக்கட்டும். ஸ்கூல் நேரம் முடியுற வரைக்கும் டிவி, ஃபோன் கிடையாது. ரெஸ்ட், ரசம் சாதம், விடுபட்ட நோட்ஸ். இதைத் தண்டனை மாதிரி கோபமா சொல்ல வேண்டாம். வீட்டு விதி இதுதான்னு சாதாரணமா சொன்னா போதும்.

கூட்டுக் குடும்பமா இருந்தா எல்லாரும் ஒரே வார்த்தை பேசணும். பாட்டி “கண்ணு பட்டிருக்கு”ன்னு சுத்திப் போட்டா போடட்டும், அதுல ஒரு அன்பு இருக்கு. ஓமத் தண்ணியும் கொடுக்கட்டும். “பாவம், இன்னைக்கு ஒரு நாள் இருக்கட்டுமே”ங்கிறதை மட்டும் சொல்லாம இருக்க, முன்னாடியே உக்காந்து பேசிடுங்க.

அக்கா, அண்ணன், சித்தி, மாமான்னு இருக்குறவங்களுக்கு: உங்க இடம் ரொம்ப முக்கியம். அம்மா அப்பாகிட்ட சொல்லாததை உங்ககிட்ட சொல்லுவாங்க. “இதுக்கெல்லாமா பயப்படுவ?”ன்னு சிரிக்காதீங்க. உங்க முதல் பிரசன்டேஷன்ல கை நடுங்கினதைச் சொல்லுங்க. ஆனா ஆபத்தான ஏதாவது சொன்னா, அதை ரகசியமா வச்சுக்குறேன்னு சத்தியம் பண்ணிடாதீங்க.

எப்போ நிபுணர்கிட்ட போகணும்

வீட்லயும் ஸ்கூல்லயும் முயற்சி பண்ணியும் சில வாரமா ஸ்கூலுக்குப் போக முடியல, தூக்கம், சாப்பாடு கெட்டுப் போச்சு, மூச்சு முட்டுற மாதிரி பீதி அடிக்கடி வருதுன்னா காத்திருக்க வேண்டாம். வீட்ல வாய் ஓயாமப் பேசுற பிள்ளை ஸ்கூல்ல ஒரு மாசத்துக்கு மேல ஒரு வார்த்தை கூடப் பேசலைன்னா, கூச்ச சுபாவம்னு விட்டுடாதீங்க. அது தனியா கவனிக்க வேண்டிய, சிகிச்சை இருக்குற பிரச்சினை. “செத்துடலாம்போல இருக்கு”ன்னு சொன்னாலோ எழுதினாலோ, தன்னைக் காயப்படுத்திக்கிட்டாலோ, அன்னைக்கே உதவி தேடணும். பிள்ளையைத் தனியா விடாதீங்க.

டெலி மானஸ், 14416. இந்திய அரசோட இலவச மனநல உதவி எண், 2022 அக்டோபர்ல ஆரம்பிச்சாங்க. 24 மணி நேரமும் கூப்பிடலாம், தமிழ்லயே பேசலாம். யாரைப் பார்க்கணும்னு தெரியலைன்னா அங்கிருந்து ஆரம்பிங்க. மாவட்ட அரசு மருத்துவமனைகள்லயும் அரசு மருத்துவக் கல்லூரிகள்லயும் மனநலப் பிரிவு இருக்கு. அங்க போனா உடனே மாத்திரைதான்னு இல்ல. குழந்தைகளோட பதற்றத்துக்குப் பேச்சு வழிச் சிகிச்சைதான் பெரும்பாலும் முதல்ல. மருந்து தேவையான்னு மருத்துவர் பார்த்துச் சொல்லுவாங்க. “பொம்பளைப் பிள்ளை, நாளைக்கு நாலு பேர் என்ன சொல்லுவாங்க”ன்னு யோசிக்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன்: ஸ்கூலுக்கே போகாம வீட்ல இருக்குறதைத்தான் அந்த நாலு பேரும் சீக்கிரம் கவனிப்பாங்க.

இது ஒரு வாரத்துல முடியுற வேலை இல்ல. நாலு நாள் நல்லாப் போய், அஞ்சாவது நாள் மறுபடி பாத்ரூம் தாழ்ப்பாள் விழும். அன்னைக்கு நீங்களும் கத்திடலாம். மறுநாள் காலையில மறுபடி அதே ரெண்டு விஷயத்தைச் சொல்லுங்க: கஷ்டம்னு புரியுது, உன்னால முடியும்.

இந்த வாரத்துக்கு ஒரே ஒரு வேலை. உங்க வீட்லயோ தெரிஞ்சவங்க வீட்லயோ இப்படி ஒரு பிள்ளை இருந்தா, ஒரு பேப்பரை எடுத்துப் பிள்ளையோட உக்காந்து அந்த ஏணியை வரையுங்க. முதல் படி மட்டும் இந்த வாரம். தேவைப்படுற யாருக்காவது இந்த எபிசோடை அனுப்புங்க. அடுத்த வாரம் பார்க்கலாம்.